டோ பச்சையில் இருந்தும் டிசையரின் முன் இடது டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாகிறது

வால்பாறை_டாக்ஸி

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2018 டிசையர் டீசல், மஞ்சள் போர்டு. பெரும்பாலும் பொள்ளாச்சி – வால்பாறை ஓட்டம், அவ்வப்போது கோவை ஏர்போர்ட். டயர் 165/80 ஆர்14. முன்னால் இரண்டும் புதிது போட்டு 14,000 கிலோமீட்டர்தான் ஆகிறது. சர்வீஸுக்கு வண்டியைத் தூக்கியபோதுதான் கண்ணில் பட்டது: இடது டயரின் உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டனே (தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகளே) இல்லை. ஓரிடத்தில் கம்பி எட்டிப் பார்க்கிறது. வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டுக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

டயர் மாற்றிய அன்றே அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டும் செய்தேன். நடுவில் மறுபடியும் அலைன்மென்ட் பார்த்தேன். மெஷின் அச்சடித்துத் தந்த இரண்டு சீட்டிலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு, பச்சைதான் (வரம்புக்குள்). கேம்பர், அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் அளவு, மட்டும் இடப்பக்கம் சிவப்பு, -1°20' (மைனஸ் என்றால் உச்சி உள்பக்கம் சாய்வு). வலப்பக்கம் 0°05'. கடையில் கேட்டால், "இந்த வண்டிக்குக் கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. வேண்டுமானால் ஜாக்கி கொடுத்து நெம்பி நேராக்கித் தருகிறோம்" என்கிறார்கள்.

காற்று வாரம் தவறாமல் பார்க்கிறேன், கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுதான். வண்டி நேராகவே போகிறது, கையை விட்டாலும் ஒரு பக்கம் இழுக்கவில்லை. அப்புறம் ஏன் இப்படித் தேய்கிறது? நெம்பச் சொல்லலாமா, ஸ்ட்ரட்டையே (சக்கரத்தின் மேல் நிற்கும் ஷாக் அப்சார்பர் தூணையே) மாற்ற வேண்டுமா? இன்னொரு ஜோடி டயர் வாங்கி அதையும் இப்படிக் கொடுத்துவிட முடியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரி_ஓட்டுநர்

நண்பரே, மலை ஓட்டம் என்றாலே முன் டயர் சீக்கிரம் போய்விடும். உங்கள் ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு, ஏறும்போதும் இறங்கும்போதும் முழு ஒடிப்பு. என் வண்டியிலும் முன் டயர் ஓரம்தான் முதலில் போகும். நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிவிடுவேன், நாலும் சமமாகத் தேயும். நீங்களும் ரொட்டேஷன் செய்து பாருங்கள். அந்த இடது டயரை இப்போதைக்குப் பின்னால் போட்டு ஓட்டலாம்.

நாமக்கல்_ஃபிரண்ட்எண்ட்

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். கம்பி தெரிகிற டயரோடு ஆழியாறு பக்கம் ஒரு தடவைகூட இறங்க வேண்டாம். பின்னால் போட்டாலும் வேண்டாம். இன்றைக்கே ஸ்டெப்னியை மாட்டுங்கள். ஸ்டெப்னி பழையது என்றால் அதன் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. அதையும் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கோத்தகிரி நண்பர் சொன்னது அவர் வண்டிக்குச் சரி. வளைவில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் சாயும், முன் டயரின் வெளித் தோள்தான் தரையில் அழுந்தும். ஆகவே மலையால் வரும் தேய்மானம் வெளி ஓரத்தில், இரண்டு டயரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும். உங்களுக்குத் தேய்ந்தது உள் ஓரம், அதுவும் ஒரு பக்கம் அதிகமாக. இது மலையின் வேலை அல்ல. இந்த நிலையில் ரொட்டேஷன் செய்தால் நோய் அப்படியே இருக்கும், முன்னால் வருகிற ஒவ்வொரு டயரும் வரிசையாகத் தேயும். முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ரொட்டேஷன் அதற்குப் பிறகு.

நான் லாரி முன் ஆக்சிலில் கை பழகியவன். இப்போது கார்தான் அதிகம் வருகிறது. எந்த வண்டி வந்தாலும் மெஷினில் ஏற்றும் முன் டயரைக் கையால் தடவிப் பார்ப்பேன். சீட்டு என்பது வண்டி அசையாமல் நிற்கும்போது எடுத்த அளவு. ஓடும்போது என்ன நடந்தது என்று டயரில்தான் பதிந்திருக்கும்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். உள்ளங்கையை டயரின் முகத்தில் வைத்து, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த் திசையில் பட்டனின் விளிம்பு ரம்பப் பல் மாதிரி கையைத் தடுக்கும். உள்ளே போகும்போது வழுவழுப்பு, வெளியே வரும்போது சுரசுரப்பு என்றால் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பி நிற்பது) அதிகம். வெளியே வரும்போது வழுவழுப்பு, உள்ளே போகும்போது சுரசுரப்பு என்றால் டோ-அவுட் (முன்பக்கம் வெளியே திரும்பி நிற்பது). இரண்டு பக்கமும் ஒரே வழுவழுப்பு, ஆனால் ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது என்றால் அது கேம்பர். கையில் விட்டு விட்டுப் பள்ளம் மேடு தட்டினால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பார்க்க வேண்டும். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், -1°20' கேம்பர் மட்டும் தனியாக 14,000 கிலோமீட்டரில் கம்பி வரை தின்னாது. உள் ஓரம் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். டயரைத் தின்பது டோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 இஞ்ச் ரிம்மில், இரண்டு சக்கரத்துக்கும் இடையே முன்பக்க இடைவெளிக்கும் பின்பக்க இடைவெளிக்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால், ஒவ்வொரு சக்கரமும் கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் டயர் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும், சிலேட்டில் ரப்பரை வைத்துத் தேய்க்கிற மாதிரி. இதையே உங்கள் 14,000 கிலோமீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள்.

"சீட்டில் டோ பச்சைதானே" என்பீர்கள். நிற்கும்போது பச்சை, சரி. லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கிற கை) புஷ், அதாவது அதன் ரப்பர் மூட்டு, கிழிந்திருந்தாலோ டை ராடு எண்டில் (ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனையில்) ஆட்டம் இருந்தாலோ, பிரேக் மிதித்ததும் சக்கரம் பின்னுக்குத் தள்ளப்பட்டு டோ வேறு இடத்துக்குப் போய்விடும். வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை இறக்கம் முழுக்கப் பிரேக்தான். அத்தனை நேரமும் டயர் ஓடுவது சீட்டில் இல்லாத ஒரு டோவில்.

ஆகவே வண்டியைத் தூக்கி ஆட்டம் பாருங்கள். சக்கரத்தைக் கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடத்தில் பிடித்து ஆட்டினால் வருகிற ஆட்டம் டை ராடு எண்டு அல்லது ரேக் எண்டு (ஸ்டீயரிங் ரேக்கோடு சேரும் உள்முனை). 12, 6 இடத்தில் பிடித்து ஆட்டினால் வருவது பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்ம் சக்கரத்தோடு சேரும் மூட்டு) அல்லது பேரிங். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். லோயர் ஆர்மின் பின் புஷ் இதில் மாட்டாது. கடப்பாரை முனையைக் கொடுத்து நெம்பி, ரப்பர் பிளந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். பல கடைகளில் இந்த ஒரு சோதனையைச் செய்வதில்லை.

அடுத்து, அதே மெஷினில் கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) அளவு எடுக்கச் சொல்லுங்கள். முன் சக்கரங்களைச் சுழல் தட்டின் மேல் நிறுத்தி, தட்டின் பின்னை எடுத்துவிட்டு, பிரேக்கை அழுத்தி வைத்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பினால் கேஸ்டரோடு எஸ்.ஏ.ஐ. என்று ஒரு அளவும் வரும். அதே அச்சு முன்னிருந்து பார்த்தால் உள்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம் அது. லாரியில் கிங் பின் சாய்வு என்போமே, அதுதான். நேரம் பிடிக்கும் என்று நிறையப் பேர் இதை விட்டுவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள். அது கிடைத்தால் எது வளைந்திருக்கிறது என்று இங்கிருந்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இன்னும் மூன்று கேள்வி. இடது டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது, வலது பக்கம் எத்தனை? பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் கையில் ஏதாவது செய்கிறதா? இரட்டைவழிச் சாலையில் முந்துவதற்காக வலப்பக்கம் ஏறும்போது வண்டி வலது பக்கம் இழுக்கிறதா?

நெம்ப விடாதீர்கள். காரணத்தை அளவு வந்த பிறகு சொல்கிறேன்.

வால்பாறை_டாக்ஸி

அண்ணா, ரொம்ப நன்றி. ஸ்டெப்னி மாட்டிவிட்டேன், 2022 டயர்தான். நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்தேன்.

டயரைத் தடவிப் பார்த்தேன். இடது டயரில் உள்ளிருந்து வெளியே இழுத்தால் வழுக்குகிறது, வெளியிலிருந்து உள்ளே போனால் பட்டன் கையைக் கீறுகிறது. வலது டயரிலும் அதே திசையில் லேசான சுரசுரப்பு இருக்கிறது, இதுவரை நான் கவனித்ததே இல்லை. அதன் உள் ஓரமும் வெளி ஓரத்தைவிடக் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

வேறு கடைக்குப் போய்க் கேஸ்டர் எடுக்கச் சொன்னேன். கேஸ்டர் இரண்டு பக்கமும் பச்சை. எஸ்.ஏ.ஐ. இடது 12°40', வலது 12°45'. கேம்பர் முன்பு சொன்ன அதே அளவு.

விரல் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாகப் போகிறது. இடப்பக்கம் ஒரு விரல்தான், இரண்டாவது சிக்குகிறது.

பிரேக் அழுத்திப் பிடித்தால் ஸ்டீயரிங் இடப்பக்கம் லேசாக நகரும். டிஸ்க் கோளாறு என்று நினைத்திருந்தேன். முந்தும்போது வலப்பக்கம் இழுப்பதும் உண்மைதான். ரோடு சாய்வு என்று விட்டுவிட்டேன். சென்ற மழைக்காலத்தில் அட்டகட்டிக்குக் கீழே இடது முன் சக்கரம் ஒரு பெரிய குழியில் இறங்கியது. ரிம்மைத் தட்டி நிமிர்த்தினேன். அதோடு சேர்ந்ததாக இருக்குமா?

நாமக்கல்_ஃபிரண்ட்எண்ட்

தேவையானது எல்லாம் இதில் இருக்கிறது தம்பி.

எஸ்.ஏ.ஐ.யையும் கேம்பரையும் கூட்டுங்கள். வலது: 12°45' உடன் 0°05', மொத்தம் 12°50'. இடது: 12°40' இலிருந்து 1°20' கழித்தால் 11°20'. இந்தக் கூட்டுத்தொகை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். உங்களுக்கு ஒன்றரை டிகிரி இடிக்கிறது. எஸ்.ஏ.ஐ. இரு பக்கமும் சமம், ஆகவே மேலே ஸ்ட்ரட் உட்காரும் பாடி நகரவில்லை, கீழே லோயர் ஆர்மும் வளையவில்லை. பாடி உள்ளே சாய்ந்திருந்தால் எஸ்.ஏ.ஐ. கூடி, கேம்பர் அதே அளவு குறைந்து, கூட்டுத்தொகை மாறாமல் இருந்திருக்கும். கூட்டுத்தொகையே குறைகிறது என்றால் வளைந்தது ஸ்ட்ரட் அல்லது நக்கிள் (சக்கர ஹப்பைத் தாங்கி ஸ்ட்ரட்டோடு சேரும் பாகம்). டயர் ஸ்ட்ரட்டை நெருங்கி நிற்பதும் அதைத்தான் காட்டுகிறது.

(ஒரு எச்சரிக்கை. சில மெஷின்கள் 0.30 என்று அச்சடிக்கும். அது 30 மினிட்டா, டிகிரியில் தசமமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 60 மினிட் ஒரு டிகிரி. இது தெரியாமல் பாதி டிகிரியை 0.3 டிகிரி என்று படித்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

வண்டி ஏன் நேராகப் போனது? கேம்பர் எந்தப் பக்கம் அதிக பாசிட்டிவ்வோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். உங்களுக்கு அது வலது. நம் ரோடு தண்ணீர் வடிய இடது ஓரம் நோக்கிச் சாய்ந்திருக்கிறது, அது வண்டியை இடது பக்கம் இழுக்கும். ஒன்று மற்றொன்றை அடித்துவிட்டது. முந்த ஏறியபோது நடுமேட்டைத் தாண்டினீர்கள், அங்கே ரோடு வலப்பக்கம் சாயும். இரண்டும் ஒன்று சேர்ந்துகொண்டது, இழுத்தது. நேராகப் போவதால் எல்லாம் சரி என்று நினைத்து எத்தனையோ பேர் டயரை இழக்கிறார்கள்.

பிரேக்கில் ஸ்டீயரிங் நகர்வது இடது லோயர் ஆர்ம் புஷ்ஷாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே குழியில் ரப்பர் பிளந்திருக்கும். வலது டயரிலும் அதே டோ-அவுட் சுரசுரப்பு இருக்கிறது என்றீர்களே, அதுதான் எனக்கு உறுதி தந்தது. புஷ் ஒரு பக்கம்தான் போயிருக்கும், ஆனால் டோ இரண்டு சக்கரத்துக்கும் பொது. ஓடும்போது ஸ்டீயரிங் தானாகச் சமன் செய்துகொண்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளும். ஆகவே இரண்டு டயரும் இழுபட்டிருக்கின்றன. இடது டயர் ஏற்கெனவே உள் ஓரத்தில் சாய்ந்து நின்றதால் அந்த இழுவை முழுக்க இரண்டு விரல் அகலத்தில் விழுந்தது. வலது டயர் முழு அகலத்தில் தாங்கிக்கொண்டது.

இப்போது நெம்புவதைப் பற்றி. லாரிக்கு முன்னால் இருப்பது கெட்டியான ஒற்றை உருக்கு ஆக்சில். அதைப் பிரஸ் வைத்துச் சூடு காட்டாமல் திருத்துகிற வழக்கம் உண்டு. அதைப் பார்த்துதான் காருக்கும் ஜாக்கி கொடுக்கிறார்கள். கார் ஸ்ட்ரட் மெல்லிய குழாய். உள்ளே ராடு எண்ணெயில் ஏறி இறங்குகிறது. ஒரு முறை வளைந்த இடத்தை எதிர்ப்பக்கம் வளைத்தால் சீட்டு பச்சையாகும், ஆனால் உலோகம் அங்கே களைத்துப்போயிருக்கும், ராடு சீலை உரசும். டாக்ஸியில், அதுவும் மலை இறக்கத்தில், அந்த இடத்தை நம்பி நான் யாரையும் ஏற்றமாட்டேன். ஸ்ட்ரட் ஓட்டையை அரத்தால் நீட்டுவதும் வேண்டாம்.

செய்ய வேண்டியது: இடது ஸ்ட்ரட்டைக் கழற்றிப் புதிதின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கீழே நக்கிளைப் பிடிக்கிற தகடு வளைந்திருக்கிறதா என்று. அது நேராக இருந்தால் நக்கிள்தான். ஸ்ட்ரட் மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது ஒரு பக்கம் பழையது என்றால் வளைவில் வண்டி இரண்டு விதமாக நடந்துகொள்ளும். லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டை வண்டி அந்தரத்தில் தொங்கும்போது முழுக்க இறுக்க வேண்டாம். சக்கரம் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகு கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். ஸ்ட்ரட், நக்கிள் இரண்டையும் சேர்க்கிற இரண்டு போல்ட்டிலும் ஓட்டையில் சிறிது இடம் இருக்கும், இறுக்கும்போது சக்கரத்தின் உச்சியை வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் சில மினிட் கேம்பர் கிடைக்கும். அது போதும்.

டோ எப்போதும் கடைசி. கேம்பர் மாறினால் டோவும் மாறும்.

ஓசூர்_வீட்டு_கேரேஜ்

அருமையான விளக்கம் ஐயா. ஒரு யோசனை. டோ மட்டும் பார்ப்பதற்கு நான் கடைக்குப் போவதில்லை. நாலு ஸ்டாண்டு, இரண்டு நைலான் நூல் வைத்து வீட்டிலேயே பார்க்கிறேன். நூலைச் சக்கர மையத்தின் உயரத்தில், வண்டியின் இரு பக்கமும் நீளவாக்கில் கட்டுவேன். முன் இரண்டு ஹப் மையத்திலிருந்தும் நூல் ஒரே தூரம், பின் இரண்டிலிருந்தும் ஒரே தூரம். முன்னும் பின்னும் ட்ராக் அகலம் வேறாக இருக்கும் என்பதால் முன்னதும் பின்னதும் சமமாக இருக்க வேண்டியதில்லை, இடதும் வலதும் சமமாக இருந்தால் போதும். பிறகு ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூல் வரை, பின் விளிம்பிலிருந்து நூல் வரை அளந்தால் டோ வந்துவிடும். கேம்பருக்குத் தூக்குக் குண்டு. 14 இஞ்ச் ரிம்மில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 6 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி. இதில் ஏதாவது குறை உண்டா?

நாமக்கல்_ஃபிரண்ட்எண்ட்

நல்ல முறைதான். மெஷின் வருவதற்கு முன் நாங்களும் நூலும் அளவுக் கம்பியும் வைத்துத்தான் பார்த்தோம். தரை மட்டமாக இருக்க வேண்டும், ஸ்டீயரிங் நேராகப் பூட்டியிருக்க வேண்டும், ரிம் வளைந்திருக்கக் கூடாது. வால்பாறைத் தம்பியின் ரிம் தட்டி நிமிர்த்தியது, அதில் விளிம்பை அளந்தால் பொய் சொல்லும். சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

ஜாக்கி வைத்து இறக்கியவுடன் அளக்காதீர்கள். சக்கரம் உள்ளே ஒடுங்கி நிற்கும். வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை அழுத்தி விட்ட பிறகு அளங்கள்.

டை ராடைத் திருப்பும்போது இரு பக்கமும் சம அளவு. ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் டோ சரியாகும், ஸ்டீயரிங் கோணலாகும். அப்புறம் ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்பார்கள். அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். ரேக் நடுவில் இல்லாமல் போனால் இடது ஒடிப்பும் வலது ஒடிப்பும் வேறாகிவிடும்.

வால்பாறை_டாக்ஸி

அண்ணா, வேலை முடிந்தது. நீங்கள் சொன்னது அப்படியே. பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தேன். கடப்பாரை கொடுத்ததும் இடது லோயர் ஆர்மின் பின் புஷ் வாயைப் பிளந்தது, ரப்பர் பாதிக்கு மேல் விட்டுப் போயிருந்தது. ஸ்ட்ரட்டைக் கழற்றிப் புதிதோடு ஒட்டி வைத்தபோது கீழ்த் தகட்டின் வளைவு கண்ணுக்கே தெரிந்தது. நக்கிள் நேராக இருக்கிறது. இரண்டு பக்கமும் ஸ்ட்ரட், இடது லோயர் ஆர்ம் முழுதாக மாற்றியாகிவிட்டது. புஷ் போல்ட்டை வண்டி தரையில் நின்ற பிறகுதான் இறுக்கினார்.

இப்போது கேம்பர் இடது -0°15', வலது 0°00'. கூட்டுத்தொகை இரு பக்கமும் சில மினிட் வித்தியாசத்தில். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் அசையவில்லை. முந்தும்போது இழுப்பதும் இல்லை. ஒன்று மட்டும், நேர்ச் சாலையில் கையை விட்டால் மெதுவாக இடது ஓரம் போகிறது. அது ரோடு சாய்வுதானே?

இன்னொன்று. டயர் வாங்கப் போகிறேன். பின் டயர் இரண்டும் ஐந்து மில்லிமீட்டர் பட்டனோடு நன்றாக இருக்கின்றன. புதிதை முன்னால் போடவா, பின்னால் போடவா? கடையில் முன்னால் என்கிறார்கள்.

நாமக்கல்_ஃபிரண்ட்எண்ட்

மெதுவாக இடது போவது ரோடு சாய்வுதான், ஆரோக்கியமான வண்டி அப்படித்தான் போகும். சந்தேகம் இருந்தால் மட்டமான பெரிய மைதானத்தில் இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள்.

புதிது இரண்டையும் பின்னால் போடுங்கள், பின்னால் இருப்பதை முன்னால் கொண்டு வாருங்கள். ஈர ரோட்டில் முன் டயர் வழுக்கினால் ஸ்டீயரிங்கில் தெரியும், காலை எடுத்தால் பிடித்துவிடலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். சின்னக்கல்லாறு பக்கம் பெய்கிற மழையில் வளைவு இறங்குகிற வண்டிக்குப் பின்னால்தான் ஆழமான பட்டன் வேண்டும். உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. வேலை சரியாக நடந்ததா என்று பார்ப்பதற்குப் புது டயரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை, ஐந்து மில்லிமீட்டர் டயரே காட்டிவிடும்.

முன்னால் வந்த அந்த டயரின் இரண்டு ஓரத்திலும், நடுவிலும் பட்டன் ஆழத்தை இன்றைக்கே அளந்து எழுதி வையுங்கள். டை ராடு லாக் நட்டின் மேல் குறுக்காக ஒரு பெயிண்ட் கோடு போடச் சொல்லுங்கள், நட்டு தளர்ந்தால் கோடு பிரிந்து தெரியும். 2,000 கிலோமீட்டரில் மறுபடி அளந்து, கையால் தடவிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். பழைய வலது முன் டயரை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம், பட்டன்களுக்கு இடையே பள்ளத்தில் இருக்கிற 1.6 மில்லிமீட்டர் தேய்மான அடையாள மேட்டை உள் ஓரம் இன்னும் தொடவில்லை என்றால்.